வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் எம்.பி.ஏ.: கட்டணத்துக்குத் தகுமா?

நான் எம்.பி.ஏ. படித்த கல்லூரியின் பெயரைக் கேட்காதீர்கள், இங்கே சொல்லப்போவது அந்த ஒரு இடத்தின் குறை மட்டும் அல்ல. ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டமிடல் பார்க்கிறேன், சிக்கலான பிரச்சினைகளைச் சமாளிக்கக் கற்றுத் தருவோம் என்று விளம்பரத்தில் இருந்ததை நம்பித்தான் சேர்ந்தேன்.

கணக்கியலும் நிதியும் நிஜமாகவே உபயோகம். பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்தால் பணம் எங்கே முடங்கிக் கிடக்கிறது என்று இப்போது புரிகிறது. மார்க்கெட்டிங் சுமார்.

முக்கால்வாசி வகுப்பு கேஸ் ஸ்டடிதான், அதாவது ஒரு கம்பெனிக்கு வந்த பிரச்சினையை எழுதிக் கொடுத்து, என்ன செய்யலாம் என்று விவாதிக்க வைப்பது. 1920களில் ஹார்வர்டில் வேரூன்றிய முறை இது, 1961இல் தொடங்கிய அகமதாபாத் ஐ.ஐ.எம்.மும் இதைத்தான் பிடித்துக்கொண்டது. விவாதம் சூடாகத்தான் இருக்கும். ஆனால் பிரச்சினை இன்னதென்று யாரோ முன்பே கண்டுபிடித்து, வேண்டாததைக் கழித்து, கடைசிப் பக்கத்தில் அட்டவணை வரை போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். ஆலையில் லைன் நின்றால் பர்ச்சேஸ்காரர் ஸ்டோர்ஸைக் கைகாட்டுவார், ஸ்டோர்ஸ்காரர் சப்ளையரைக் கைகாட்டுவார், சப்ளையர் போனையே எடுக்கமாட்டார். எது பிரச்சினை என்று பிடிபடுவதற்குள் பாதி வாரம் போய்விடும். இதற்கு எந்த வகுப்பும் இல்லை.

ஒன்றைத் தவிர. பீர் கேம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் ஜே ஃபாரெஸ்டர் குழுவினர் 1960 வாக்கில் உருவாக்கிய விளையாட்டு. கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என்று நான்கு இடங்கள். ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது, ஆர்டர் சீட்டு மட்டும் கை மாறும், சரக்கு வந்துசேர வாரங்கள் பிடிக்கும். வாடிக்கையாளர் வாரம் 4 பெட்டி கேட்டவர் ஒரு கட்டத்தில் 8 கேட்கிறார், அப்புறம் கடைசிவரை 8தான். மாற்றம் அவ்வளவே. அதற்கே எங்கள் மேசையில் ஆர்டர் தாறுமாறாக எகிறி, முதலில் தட்டுப்பாடு, பிறகு யாருக்கும் வேண்டாத சரக்குக் குவியல். ஆலை இடத்தில் இருந்தவர் வாடிக்கையாளரைத் திட்டித் தீர்த்தார், கடைசியில் அசல் சீட்டுகளைக் காட்டியபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! யாரும் முட்டாள்தனமாக முடிவெடுக்கவில்லை, தாமதமும் அடுத்தவர் கையிருப்பு தெரியாததும் சேர்ந்து செய்த வேலை அது. எங்கள் ஆலையில் தினமும் நடப்பதும் இதேதான்.

இதற்கு ஒதுக்கியது ஒரே ஒரு பிற்பகல். ஏன் அப்படி ஆனது, எதை மாற்றலாம் என்று பேச ஆரம்பித்த நேரத்தில் டீ வந்துவிட்டது, அதன்பின் பிராண்டிங் வகுப்பு.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன். கம்பெனி பணம் கட்டினால் யோசிக்காமல் சேருங்கள். கடன் வாங்கிக் கட்டுவதாக இருந்தால், ஒரு சனிக்கிழமை வகுப்பில் உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள், உண்மையான கம்பெனிக்குள் போய்ச் செய்யும் பிராஜெக்ட் எத்தனை மாதம் என்றும் விசாரியுங்கள். சரியான பதில் வராவிட்டால் அட்வான்ஸ் கட்டிவிடாதீர்கள், திரும்ப வாங்குவது பெரிய பாடு.