நீரடி ரோபோவுக்கு எந்த மோட்டார்? டிரம்முக்குள் இறக்கிப் பார்த்த கணக்கு

தண்ணீருக்குள் போகும் ரோபோ செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த மோட்டார் அதிகமாகத் தள்ளும்?" என்றுதான். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். மொட்டை மாடியில் 200 லிட்டர் நீல டிரம் ஒன்றில் மோட்டார் மோட்டாராக இறக்கிப் பார்த்த பிறகு கேள்வியை மாற்றிக்கொண்டேன். உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி கிடந்துவிட்டு, மறுநாள் காலையில் அதே ஆம்பியரில் அதே அளவு தள்ளுகிற மோட்டார் எது? இந்தக் கேள்வியோடு பார்த்தால் பட்டியல் வேறு மாதிரி வரிசைப்படும்.

வீட்டில் செய்கிறவர்கள் முன்னால் இருப்பவை நான்கு வழிகள். சாதாரண சின்ன டிசி மோட்டாரை மெழுகுக்குள் புதைப்பது, படகில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பின் மோட்டாரை எடுத்துக்கொள்வது, டிரோன் கடையில் கிடைக்கும் பிரஷ்லெஸ் மோட்டாரை அப்படியே தண்ணீரில் விடுவது, மோட்டாரும் புரொப்பல்லரும் சேர்ந்தே வரும் த்ரஸ்டர் ஒன்றை ரெடிமேடாக வாங்குவது. கார் வைப்பர் மோட்டாரை நிறையப் பேர் கேட்கிறார்கள். அது கனம், கியர் வைத்து வேகத்தைக் குறைத்தது. ரோபோவின் கையை அசைக்க நல்லது, புரொப்பல்லர் சுற்ற உதவாது. விட்டுவிடலாம்.

மெழுகு மோட்டார் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கானது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் சீ கிராண்ட் பிரிவு 2003-ல் தொடங்கிய சீபெர்ச் திட்டம் இதைப் பிரபலமாக்கியது. மோட்டாரின் ஓட்டைகளை டேப்பால் அடைத்து, பழைய ஃபிலிம் ரோல் டப்பாவுக்குள் வைத்து, சுற்றிலும் உருக்கிய மெழுகை ஊற்றுவார்கள். ஷாஃப்ட் வெளியே வரும் ஓட்டையில் மெழுகே சீலாக நிற்கும். நீச்சல் குளத்தில் ஒரு மாலை முழுக்க ஓடும். வெயிலில் வைத்தால் மெழுகு இளகும், ஷாஃப்ட் ஓட்டை நாளடைவில் அகலும். ஒரு பத்து வயதுப் பிள்ளை தன் கையால் செய்து தண்ணீரில் ஓட விட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கடலுக்குக் கொண்டுபோக வேண்டாம், அவ்வளவுதான்.

உண்மையான போட்டி பில்ஜ் பம்புக்கும் பிரஷ்லெஸ்ஸுக்கும்தான்.

பில்ஜ் பம்ப் தண்ணீரில் மூழ்கிக் கிடப்பதற்கென்றே செய்தது. ஷாஃப்ட் சீல் போட்டே வரும், ஒயர் நுழையும் இடமும் அடைத்தே வரும். மணிக்கு 500 கேலன், அதாவது ஏறக்குறைய 1,900 லிட்டர், இல்லையென்றால் 1,100 கேலன் என்று அளவு எழுதியிருக்கும். 12 வோல்ட்டில் 2 முதல் 4 ஆம்பியர் வரை எடுக்கும். வெளிக்கூட்டை அறுத்து, உள்ளே தண்ணீரைச் சுழற்றும் இம்பெல்லரைக் கழற்றிவிட்டு, அந்த ஷாஃப்ட்டில் அடாப்டர் வைத்து ரிமோட் படகுப் புரொப்பல்லரை மாட்டினால் த்ரஸ்டர் தயார். ஒயரை மாற்றிக் கொடுத்தால் எதிர்த்திசையில் சுற்றும். ஆறு முனை சுவிட்ச் ஒன்று போதும், எலக்ட்ரானிக்ஸே தேவையில்லை.

இதில் எல்லோரும் செய்யும் தவறு பெரிய புரொப்பல்லர் மாட்டுவது. அந்த மோட்டார் இம்பெல்லரின் பாரத்துக்கு அளவெடுத்துச் செய்தது. புரொப்பல்லரின் விட்டம் கொஞ்சம் கூடினாலும் பாரம் மளமளவென்று ஏறும். அதே வேகத்தில் சுற்ற வேண்டிய சக்தி, விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் வளர்கிறது. 50 மில்லிமீட்டரிலிருந்து 60-க்குப் போனால் இரண்டரை மடங்கு. 60 போட்டுப் பார்த்தபோது மோட்டார் வேகம் குறைந்து, ஆம்பியர் லேபிளில் போட்டிருந்ததைத் தாண்டி ஓடியது. வெளியே எடுத்துத் தொட்டால், தண்ணீரில் இருந்த பொருள் என்று சொல்ல முடியாத சூடு. 50-க்கு இறங்கினேன். அரை கிலோவை ஒட்டிய உந்துவிசை கிடைத்தது. பெரிய எண் இல்லை. ஆனால் நான்கு மோட்டார் போட்ட ஐந்து கிலோ ரோபோவுக்கு இது தாராளம்.

பிரஷ்லெஸ்ஸின் யோசனையே வேறு. இதில் தண்ணீரைத் தடுப்பதே கிடையாது. காயில், அதாவது செம்புக் கம்பிச் சுற்று, நடுவே அசையாமல் நிற்கிறது, காந்தம் பதித்த கூடு அதைச் சுற்றி ஓடுகிறது, உரசிக்கொண்டே மின்சாரம் கொடுக்கும் பிரஷ் இல்லை, தீப்பொறி இல்லை. தண்ணீர் உள்ளே புகுந்து வெளியே போகட்டும். உள்ளே காற்றே இல்லாததால் ஆழத்தின் அழுத்தம் நசுக்குவதற்கு எதுவும் இல்லை. 2012-ல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டிய ஓபன்ஆர்ஓவி இப்படித்தான் திறந்த மோட்டாரோடு தண்ணீரில் இறங்கியது. பில்ஜ் பம்பின் சீல் படகின் அடித்தளத்துத் தண்ணீருக்கானது, ஆழத்துக்கானது இல்லை. இந்த ஒரு விஷயத்தில் பிரஷ்லெஸ் கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கும்.

ஆனால் எந்த பிரஷ்லெஸ்? கடையில் கேட்டதும் எடுத்துத் தருவது ஏ2212, 1000 கே.வி. கே.வி. என்றால் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பது. 12 வோல்ட்டில் பாரமில்லாமல் 12,000 சுற்று. காற்றில் 10 அங்குல இறக்கையைச் சுழற்றுவதற்கான வேகம் அது. தண்ணீர் காற்றைவிட 800 மடங்கு அடர்த்தி. அந்த வேகத்தில் தண்ணீரில் சுற்றப் பார்த்தால் ஆம்பியர் எகிறும். இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. மோட்டார் தண்ணீரில் இருப்பதால் குளிர்ச்சியாகவே இருக்கும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. பலகையோ காற்றுப் புகாத குழாய்க்குள் அடைபட்டு வெந்துகொண்டிருக்கும். மோட்டாரைத் தொட்டுப் பார்த்து "நன்றாகத்தானே ஓடுகிறது" என்று நினைத்துத்தான் நான் ஒரு பலகையைக் கருக்கினேன்.

அதனால் 300 முதல் 400 கே.வி. வரை உள்ள, தட்டையான, பெரிய விட்ட மோட்டாரைத் தேடுங்கள். ஒரே முறுக்குவிசைக்கு 1000 கே.வி. மோட்டார் 350 கே.வி.யைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு ஆம்பியர் கேட்கும். ஈ.எஸ்.சி.யும் இரண்டு பக்கமும் சுற்ற வைப்பதாக இருக்க வேண்டும். விமானத்துக்கான சாதாரண ஈ.எஸ்.சி. முன்னால் மட்டுமே ஓட்டும். இன்னொரு தொல்லை, மிக மெதுவான வேகத்தில் சென்சார் இல்லாத மோட்டார் திக்கித் திக்கித்தான் கிளம்பும். ஒரு பாறைக்குப் பக்கத்தில் கேமராவை அசையாமல் நிறுத்த வேண்டிய நேரத்தில் இந்தத் திக்கல் படுத்தும். பில்ஜ் மோட்டார் இந்த விஷயத்தில் எவ்வளவோ மென்மை.

ரெடிமேடு பக்கம், புளூ ரோபாட்டிக்ஸின் டி200-ஐ எல்லோரும் அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். நானும்தான். அதுவும் தண்ணீர் புகும் பிரஷ்லெஸ்தான். காயிலுக்கு எபாக்சி பூச்சு, பேரிங் பிளாஸ்டிக். 12 வோல்ட்டில் முழு வேகத்தில் 17 ஆம்பியர் எடுத்து 3.71 கிலோ முன்னால் தள்ளும், பின்னால் 2.92 கிலோ. 16 வோல்ட்டில் 5.25 கிலோ, ஆனால் 390 வாட். 12 வோல்ட்டில் வாட்டுக்கு 18 கிராம் கிடைத்தது, 16-ல் 13 கிராம் சொச்சமாக இறங்கிவிடுகிறது. எந்த மோட்டாரும் இப்படித்தான்: விரட்ட விரட்ட வாட்டுக்குக் கிடைக்கும் தள்ளல் குறையும். ஒரு பெரிய மோட்டாரை முட்டித் தள்ளுவதைவிட இரண்டை நிதானமாக ஓட்டுவது பேட்டரிக்கு லாபம். விலைதான் பிரச்சினை. ஒன்றின் விலையில் பில்ஜ் பம்ப் நாலைந்தாவது வாங்கிவிடலாம்.

மோட்டாரைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டுக் கேபிளை மறப்பவர்கள்தான் அதிகம். பேட்டரி கரையில், ரோபோ தண்ணீரில், நடுவே 20 மீட்டர் ஒயர் என்று வையுங்கள். வீட்டு வயரிங்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி மீட்டருக்கு 12 மில்லி ஓம். போக வர 40 மீட்டர், கிட்டத்தட்ட அரை ஓம். 10 ஆம்பியர் இழுத்தால் ஏறக்குறைய 5 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். மோட்டாருக்கு மிஞ்சுவது 7. டி200-ஐ அந்த ஒயரில் மாட்டினால் அது டி200-ஆக ஓடவே ஓடாது. ஆளுக்கு 3 ஆம்பியர் கேட்கும் பில்ஜ் மோட்டார் இரண்டு அந்த ஒயரில் மூச்சு விட முடியும். அதற்கு மேல் என்றால் பேட்டரியை ரோபோவுக்குள்ளேயே வையுங்கள், இல்லை தடித்த ஒயர் போடுங்கள். தடித்த ஒயர் ரோபோவைப் பிடித்து இழுக்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

சரி, அளப்பது எப்படி? அலுமினியச் சதுரக் குழாய் இரண்டை எல் வடிவத்தில் மடக்கியது போல இணைத்து, மூலையில் ஒரு போல்ட். டிரம் வாயின் குறுக்கே போட்ட மரக்கட்டையில் அந்தப் போல்ட் சுழல வேண்டும். கீழே தொங்கும் கை 60 சென்டிமீட்டர், அதன் முனையில் மோட்டார். படுக்கையாக நீளும் கை 30 சென்டிமீட்டர், அதன் முனை சமையலறை டிஜிட்டல் தராசின் மேல். மோட்டார் 600 கிராம் தள்ளினால் தராசு 1,200 காட்டும், பாதியாக்கிக்கொள்ளுங்கள். பெரிய மோட்டாருக்கு இரண்டு கையும் சம நீளமாக இருக்கட்டும், இல்லையென்றால் 5 கிலோ தராசு தாங்காது. வோல்ட்டை மோட்டார் முனையில் அளக்க வேண்டும், பேட்டரியில் அல்ல. ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர் டிசி அளப்பதுதானா என்று பார்த்து வாங்குங்கள். பெரும்பாலானவை ஏசி மட்டும்தான்.

டிரம்மில் வரும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஓட்டிய சில நொடிகளில் டிரம்முக்குள் தண்ணீர் முழுதும் சுழல ஆரம்பித்து, சுவரில் மோதிய நீரோட்டம் திரும்பி வந்து புரொப்பல்லருக்குள்ளேயே நுழையும். தராசு எண் கண்ணெதிரே இறங்கும். முதல் மூன்று நொடியைப் படித்துவிட்டு நிறுத்தி, தண்ணீர் அடங்கக் காத்திருந்து திரும்ப ஓட்ட வேண்டும். மோட்டார்களை ஒன்றோடொன்று ஒப்பிட டிரம் போதும். உண்மையான எண் வேண்டுமென்றால் தோட்டத்து பம்ப்செட் தொட்டி மாதிரி ஏதாவது பெரிதாக வேண்டும்.

அப்புறம் உப்புச் சோதனை. பத்து லிட்டர் வாளியில் 350 கிராம் கல் உப்பு. கடல்நீரின் உப்பளவு லிட்டருக்கு 35 கிராம் என்பதால் இந்தக் கணக்கு. பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, கழுவாமல், ராத்திரி முழுக்க அதிலேயே விட்டுவிட வேண்டும். காலையில் கையால் சுற்றிப் பார்த்து, ஆம்பியர் அளந்து, ஒரு ஒயருக்கும் தண்ணீருக்கும் நடுவே மல்ட்டிமீட்டரில் ரெசிஸ்டன்ஸ் பார்க்க வேண்டும். எண் நாளுக்கு நாள் குறைந்தால் காயில் எனாமலில் எங்கோ ஊசிமுனை ஓட்டை இருக்கிறது.

பூச்சு எதுவும் போடாத பிரஷ்லெஸ், மூன்றாம் நாள் காலையில் கையால் சுற்றியபோது மணல் அரைப்பது போலக் கரகரத்தது. இரண்டு வாரத்தில் சுற்றவே இல்லை. பிரித்துப் பார்த்தேன். காந்தத்தின் நிக்கல் பூச்சு ஒரு மூலையில் உரிந்து, அங்கிருந்து பழுப்புத் துரு கொப்புளமாகப் பொங்கி, காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவே இருந்த மயிரிழை இடைவெளியை அடைத்திருந்தது. பில்ஜ் மோட்டார் அத்தனை நாளும் அசராமல் ஓடியது. அதற்கு வில்லன் வேறு. தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓட்டிக் காட்டக் கூடாது, சீல் சூடாகித் தேயும்.

ஆகவே முதல் ரோபோ, குளம் குட்டை, பத்து மீட்டருக்குள் என்றால் யோசிக்காமல் பில்ஜ் மோட்டார் வாங்குங்கள். ஆழம் போக வேண்டும், கேமரா தவிர வேறு சுமையும் இருக்கிறது, கை வேலைக்குப் பொறுமையும் இருக்கிறது என்றால் குறைந்த கே.வி. பிரஷ்லெஸ். காயிலுக்கும் காந்தத்துக்கும் மெல்லிய எபாக்சி, ஸ்டீல் பேரிங்கைத் தட்டி எடுத்துவிட்டு, ஷாஃப்ட் உள்ளே சுற்றும் பிளாஸ்டிக் குழலான புஷ். போட்டித் தேதி நெருங்கிவிட்டது, கல்லூரி பணம் கொடுக்கிறது என்றால் டி200. பின்னால் தள்ளுவது குறைவு என்பதால், மேலே கீழே போகும் மோட்டாரை எந்தப் பக்கம் பார்த்து மாட்டுகிறோம் என்பதை மட்டும் முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். ரோபோ லேசாக மிதக்கும்படி இருந்தால், வலுவான திசை அதைக் கீழே அழுத்துவதாக இருக்கட்டும்.

இப்போது வாளியில் கிடப்பது நானே எபாக்சி பூசிய 360 கே.வி. மோட்டார். பூச்சு தடித்துக் காந்தத்தில் உரசியதால் ஒருமுறை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து மறுபடி பூசியது. இன்று இருபத்து மூன்றாம் நாள். காலையில் கையால் சுற்றினேன், சத்தமில்லை.