உழவுக்கூலி அனுப்பும் முன் டிராக்டர் மீட்டரைக் கேளுங்கள்

சிங்கப்பூரில் இருந்துகொண்டு ஊர் நிலத்துக்கு உழவுக்கூலி அனுப்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் படிக்க வேண்டும்.

தஞ்சாவூர்ப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர். ரோட்டவேட்டரில் (மண்கட்டியை உடைக்கும் சுழல்கலப்பை) இரண்டு சால், அதாவது வயல் முழுக்க இரண்டு முறை, மணிக்கு 1,200 ரூபாய் என்று பேச்சு. "ஒன்பது மணி நேரம் ஓடியிருக்கிறதாம், 10,800 அனுப்பப்பா" என்றார் அப்பா. ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) போய் அனுப்பிவிட்டேன். நான்கு வருடமாக இப்படித்தான்.

இந்த முறை, வயலில் இறங்கப்போகும் டிராக்டரில் உட்கார்ந்து அக்கா மகன் எடுத்துக்கொண்ட படம் வந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், இஞ்சின் ஓடிய மணியைக் கணக்கிடும் மீட்டர் 2311.1 என்று காட்டியது. டிராக்டர்காரர் அப்பாவிடம் கொடுத்த துண்டுச்சீட்டில் தொடக்கம் 2310.2, முடிவு 2318.8.

மீட்டரின் கடைசி எண் மணியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஆறு நிமிடம். 8.6 என்றால் 8 மணி 36 நிமிடம். அவரோ "எட்டு மணி அறுபது நிமிடம், ஆக ஒன்பது" என்று கணக்குச் சொல்லியிருக்கிறார். எங்கள் வரப்புக்கு வருமுன் ஓடிய 0.9 மணியும் எங்கள் தலையில். வயலில் ஓடியது 7.7 மணி, நியாயமாக 9,240 ரூபாய்.

வித்தியாசம் 1,560 ரூபாய், இருபது சொச்சம் சிங்கப்பூர் வெள்ளிதானே என்றார் அறை நண்பர். அப்பா அந்த மனிதரைத் தம்பி என்று அழைத்து, டீயும் வடையும் வயலுக்கே கொண்டுபோயிருக்கிறார். அவர் டீ குடித்தபோதும் இஞ்சின் அணையவில்லை, மீட்டர் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. போதாக்குறைக்குக் கடைசி வயலில் ஒரே சால். கட்டி உடையவே இல்லை.

டீசல், தேய்மானம், ஓட்டுநர் கூலி எல்லாம் அவருக்கும் உண்டு. வந்துபோகும் செலவைக் கேட்டிருந்தால் தனியாகக் கொடுத்திருப்பேன். போனில் கேட்டபோது, "எல்லாரும் இப்படித்தான் கணக்குப் போடுகிறோம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வண்டி வயலில் இறங்கும்போதும் ஏறும்போதும் மீட்டரைப் படம் எடுக்க வீட்டில் சொல்லிவையுங்கள். ஏக்கர் கணக்கில் பேசினால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் சால் குறையாமல் பார்க்க வரப்பில் ஆள் நிற்க வேண்டும். அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை தன் டிராக்டர்களுக்கு வாங்கும் வாடகையை விசாரித்துக்கொண்டு விலை பேசுங்கள். அரசு டிராக்டருக்கு தமிழ்நாடு அரசின் உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம்.

நேற்று வீடியோ அழைப்பில் அப்பாவுக்கு அந்தக் கடைசி எண்ணை விளக்கினேன். பழைய சீட்டுகள் பீரோவில் இருக்கின்றனவாம். எடுத்துப் படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.