பத்மினியும் உப்புக் காற்றும்: பன்னிரண்டு ஆண்டு அனுபவம்

எங்களுடையது 1984-ஆம் ஆண்டு திருச்சியில் அப்பா எடுத்த பிரீமியர் பத்மினி கார். பெயர் பத்மினி என்றாலும் வீட்டில் இன்றுவரை ‘ஃபியட்’தான். திருச்சியில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேப்ப மரத்தடியில் நின்றது. பெயின்ட் வெளுத்ததே தவிர, துரு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. 2012-இல் அதைச் சென்னை திருவான்மியூருக்குக் கொண்டுவந்தேன். வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்தே ஏழு நிமிடம். வீடு பார்த்தபோது அதை ஒரு வசதி என்றுதான் நினைத்தேன். இரண்டாவது மழைக்காலம் வருவதற்குள் டிக்கி மூடியின் கீழ் விளிம்பில், பெயின்டுக்கு அடியில், கடுகு அளவில் கொப்புளங்கள் தெரிந்தன.

கடலோர வீடுகளில் கல் உப்பு ஜாடி தானாகவே கசிந்து ஈரமாகிவிடும். அதே வேலைதான் காரிலும் நடக்கிறது. காற்றோடு வரும் உப்புத் துகள் தகட்டில் படிந்து, மழையே இல்லாத நாளிலும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. துருப்பிடிக்க இரும்புக்குத் தண்ணீரும் ஆக்சிஜனும் போதும்; உப்பு கலந்த தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் வேகம் பல மடங்காகிறது. திருச்சி வெயிலில் நனைந்த கார் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். இங்கே அது முழுதாகக் காய்வதே இல்லை.

2013-இல் நான் செய்த முதல் காரியம், எல்லோரும் செய்யச் சொன்னது: காரின் அடியில் தார்ப் பூச்சு. ஒரு சர்வீஸ் நிலையத்தில் காலை பத்து மணிக்கு அடிப்பகுதியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள். மாலை நான்கு மணிக்குக் கருகருவென்று பளபளக்கும் காரைக் கொடுத்தார்கள். நடுவில் அது எப்போது உலர்ந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. தண்ணீர் வடிவதற்காகத் தகட்டில் விடப்பட்டிருந்த துளைகளையும் சேர்த்துப் பூசி அடைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. டிக்கி மூடியின் கொப்புளங்களைத் தேய்த்துப் பட்டி போட்டுப் பெயின்ட் அடித்ததும் அப்போதுதான். அந்தப் பட்டி ஈரத்தை உறிஞ்சி, ஒன்றரை ஆண்டில் பொருக்காக உதிர்ந்தது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் கார் வேளச்சேரியில் மைத்துனர் வீட்டு வாசலில் மாட்டிக்கொண்டது. தண்ணீர் உட்காரும் இருக்கைக்குச் சற்றுக் கீழே வரை ஏறி, இரண்டு நாள் நின்றது. இன்ஜினைப் பார்த்தோம், பிரேக்கைப் பார்த்தோம், இருக்கைகளைக் கழற்றி மொட்டை மாடியில் காயவைத்தோம். வண்டி ஓடியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பினோம்.

அடுத்த மே மாதம் பஞ்சர் பார்க்க ஜாக் வைத்துத் தூக்கியபோது ஓட்டுநர் பக்கக் கதவு மூட மறுத்தது. இறக்கியதும் மூடியது. டிங்கரிடம் கொண்டுபோனேன். அவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. ஸ்குரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து, மரப்பிடியால் கதவுக்குக் கீழே தட்டிக்கொண்டே போனார். டண், டண், டண், டொப். அந்த இடத்தில் நிறுத்தி, இப்போது முனையால் குத்தினார். தார்ப் பூச்சு தோல் போல உள்ளே மடங்கியது. அதற்குப் பின்னால் தகடே இல்லை. ஐந்து மாதத்துக்கு முந்தைய வேளச்சேரித் தண்ணீர், சேறும் துருவுமாகக் கலந்து, தேநீர் நிறத்தில் ஒழுகியது. “சார், இது ரன்னிங் போர்டு இல்லை, தண்ணீர்த் தொட்டி” என்றார்.

கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் அந்தப் பெட்டி போன்ற பாகம் பத்மினியில் அழகுக்கு வைத்ததல்ல. இந்த வண்டிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது; பாடிதான் சேசிஸ். சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் போல அடியில் தனிச் சட்டம் இருந்தால், பாடி அரித்தாலும் வண்டி நிற்கும். இதில் அந்தப் பெட்டி போனால் வண்டியே நடுவில் தொய்யும். கதவு மூடாததன் காரணம் அதுதான்.

2017 கோடையில் எல்லாவற்றையும் பிரித்தோம். தார்ப் பூச்சைச் சூடுகாட்டிச் சுரண்டி எடுக்க மட்டும் நான்கு நாள் ஆனது. சுரண்டச் சுரண்ட எனக்குக் கோபம் வந்தது என்னவோ உண்மை. பூச்சு ஒட்டியிருந்த இடங்களில் தகடு புதிதாக இருந்தது. லேசாக வெடித்த இடங்களிலெல்லாம் உள்ளே நுழைந்த தண்ணீர் வெளியேற வழியின்றி, பூச்சின் மறைவில் நிதானமாகத் தின்றிருந்தது. வெளியே பார்த்தால் ஒரே கறுப்பு. இரண்டு பக்க ரன்னிங் போர்டும், ஓட்டுநர் காலடித் தரையும், டிக்கித் தரையின் ஒரு மூலையும் 20 கேஜ் தகட்டில் புதிதாக அடித்துப் பற்றவைத்தார்கள். செலவு 68,000 ரூபாய். அன்றைய நிலையில் அந்தக் காரை விற்றிருந்தால் அவ்வளவு கிடைத்திருக்காது.

அதற்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். அரித்த இடத்தைப் பளபளக்கும் வரை கிரைண்டரில் தேய்க்க வேண்டும். தேய்த்தும் போகாத நுண்குழிகளில் மட்டும் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி, அதாவது மிச்சத் துருவை மேலும் அரிக்காத படலமாக மாற்றும் திரவம். அதையும் கழுவித் துடைத்து உலர்த்தாமல் மேலே எதையும் பூசக் கூடாது. பிறகு இரண்டு பகுதிகளைக் கலந்து அடிக்கும் எபாக்ஸி பிரைமர். பெயின்டர் வழக்கமான ரெட் ஆக்சைடே போதும் என்று சாதித்தார். கிரில் கதவுக்குப் போதும். அதன் வழியே ஈரம் ஊடுருவும் என்பதால் நான் ஒப்புக்கொள்ளவில்லை. தகடுகள் சேரும் மடிப்புகளில் எபாக்ஸிக்கு மேல் சீலன்ட். அடியில் தார் இல்லை, வெறும் பெயின்ட்தான். துரு வந்தால் கண்ணில் படட்டும்.

பெட்டிகளின் உட்புறத்துக்கு மெழுகு. இதற்கென்றே விற்கும் மெழுகுத் திரவத்தை டப்பாவோடு வெந்நீரில் வைத்து இளக்கி, நீளக் குழாயின் முனையிலிருந்து நாலாபுறமும் சிதறும்படி அடிக்க வேண்டும். அது இறுகிப் பாறையாவதில்லை. பிசுபிசுப்பாகவே இருந்து மடிப்புகளுக்குள் ஊர்ந்து செல்கிறது. தாரைவிட இது மேல் என்று நான் சொல்வதற்கு அந்த ஒரு குணமே காரணம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, மே மாதத்தில், கார் ஒரு வாரம் வெயிலில் காய்ந்த பிறகு அடிக்கிறேன். அந்த மாதம் முழுவதும் கதவின் அடித்துளைகளிலிருந்து தேன் நிறத்தில் சொட்டும். கோலம் போடும் இடத்தில் கறை படிந்ததற்கு வீட்டில் கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுத வேண்டாம். ஆட்டு ரோமத்துக் கொழுப்பில் செய்த லனோலின் திரவத்தையும் ஒருமுறை அடித்துப் பார்த்தேன். நன்றாகவே வேலை செய்தது. ஆனால் மழை நாளில் காருக்குள் கிடை போட்டது போல வாசனை. பழைய இன்ஜின் ஆயிலை அடிக்கச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும், தெருவெல்லாம் சொட்டும். வேண்டாம்.

மின்சாரத்தால் துருவைத் தடுக்கும் கருவி என்று ஒரு சிறு பெட்டியை நண்பர் பரிசளித்தார். கப்பலுக்கு அந்த முறை பலிக்கும். அதன் அடிப்பகுதி முழுக்கக் கடல்நீரில் இருப்பதால் மின்சுற்று முழுமையாகிறது. காற்றில் நிற்கும் காருக்கு அந்தச் சுற்று எங்கிருந்து வரும்? பெட்டியின் பச்சை விளக்கு மட்டும் அழகாக எரிந்தது.

உண்மையில் என் காரைக் காப்பாற்றியவை காசு கேட்காத பழக்கங்கள்தான். முதலாவது, தண்ணீர். எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். காலையில் கார் துடைக்க வருபவர் அதே தண்ணீரில்தான் ஆண்டுக்கணக்காகத் துடைத்து வந்தார். வீணாகக் கூடாதென்று ஆர்.ஓ. கழிவுநீரைப் பிடித்து வைத்துக் கழுவியது நான். அதில் உப்பு இன்னும் அதிகம். கடல் காற்றைத் திட்டிக்கொண்டே, நாள்தோறும் வாளியில் உப்பைக் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறோம். இப்போது வாரம் ஒருமுறை மெட்ரோ தண்ணீர் (குழாயில் வரும் நகரக் குடிநீர்) அல்லது பிடித்து வைத்த மழைநீர், அவ்வளவுதான்.

இரண்டாவது, பிளாஸ்டிக் கவரைத் தூக்கிப் போட்டேன். காலையில் அதை உரித்தால் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருக்கும். மேலே கூரை, நான்கு பக்கமும் திறப்பு, அது போதும். மூன்றாவது, தரையில் ஒட்டியிருந்த சணல் விரிப்பை எடுத்துவிட்டு வெறும் ரப்பர் மேட். மாதம் ஒருமுறை அதைத் தூக்கி, தரையை உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறேன். முன்கண்ணாடி ரப்பர் கசிவதை அப்படித்தான் இருமுறை கண்டுபிடித்தேன். ஐப்பசி மழைக்கு முன் கதவு, ரன்னிங் போர்டு துளைகள் எல்லாவற்றிலும் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை விட்டுக் குடைந்துவிடுவேன். ஒவ்வோர் ஆண்டும் ஏதோ ஒரு துளையில் வேப்பஞ்சருகும் மண்ணும் அடைத்திருக்கும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவிலேயே தண்ணீர் ரன்னிங் போர்டைத் தொட்டது. வடிந்த அன்றே மேட்டுகளை எடுத்து, நல்ல தண்ணீரால் அடிப்பகுதியையும் பெட்டிகளின் உட்புறத்தையும் அலசி, நான்கு கதவையும் திறந்து வைத்து, மின்சாரம் வந்ததும் பெடஸ்டல் ஃபேனை நான்கு நாள் ஓடவிட்டேன். பிறகு செல்போனில் இணைக்கும் பாம்புக் கேமராவைத் துளை வழியே உள்ளே விட்டுப் பார்த்தேன். காது டாக்டர் பார்ப்பது போலத்தான். மெழுகின் மேல் சேற்றுக் கோடு ஒன்று இருந்தது. கோட்டுக்கு மேலும் கீழும் தகடு 2017-இல் அடித்த நிறத்திலேயே இருந்தது.

தோல்வியும் உண்டு. இடது முன்சக்கர வளைவின் உள்மடிப்பை இதுவரை மூன்று முறை சரிசெய்தாயிற்று. சக்கரம் எறியும் மணலும் கல்லும் எந்தப் பூச்சையும் அங்கே நிற்கவிடுவதில்லை. புது ஃபெண்டர் தேடினால் பம்பாய்ச் சரக்குதான் கதி. அங்கே கடைசி பத்மினி டாக்சிகளும் 2023 அக்டோபரில் ஓய்வுபெற்றுவிட்டன. உதிரிபாகம் இனி எத்தனை நாள் வருமோ. போன வாரம் மேட்டைத் தூக்கும்போது பார்த்தேன், அதே வளைவில் மறுபடியும் ஒரு கொப்புளம், மிளகு அளவு. டிங்கர் வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.