கடைக் கொம்பியூட்டரில் வட்ஸ்அப் வெப்: பல வருடப் பாவனைக்குப் பிறகு

இலங்கையின் மலையகத்தில் ஹட்டன் பக்கம் கொமினிகேஷன் கடை வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். போட்டோ கொப்பி, டைப்பிங், ரீலோட் என்று தொடங்கிய தொழில் இப்போது பாதிக்கு மேல் வட்ஸ்அப் வழியாகத்தான் வருகிறது. பென் டிரைவ் கொண்டு வருகிறவர்கள் அருகிவிட்டார்கள். "நம்பர் சொல்லுங்க, அனுப்புறேன்" என்று வாசலில் நின்றே கேட்கிறார்கள். அனுப்பியதை பிரிண்ட் எடுத்துக் கொடுக்க வேண்டும். என் கடையில் நெடுநாள் உழைத்ததோ விண்டோஸ் 7 ஓடும் ஒரு பழைய மெஷின். வட்ஸ்அப்பின் கணினிச் செயலி விண்டோஸ் 10-க்குக் கீழே ஏறாது. அதனால் பிரவுசரில் திறக்கும் வட்ஸ்அப் வெப்தான் பிழைப்புக்கு வழி.

ஒன்றையும் நிறுவாமல் பிரவுசரிலேயே சாட் பண்ணுவது நமக்குப் புதிதில்லை. 2005-இல் வந்த மீபோவை அந்தக் காலத்து நெட் கபேக்களில் உட்கார்ந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். யாஹூ, எம்எஸ்என் என்று எல்லா மெசஞ்சரையும் ஒரே பக்கத்தில் திறந்து தரும். 2012-இல் கூகுள் வாங்கி மூடிவிட்டது. 2006-இல் ஜிமெயிலுக்குள்ளேயே சாட் வந்தது, 2008-இல் பேஸ்புக் சாட். இவை எல்லாவற்றுக்கும் பெயரும் பாஸ்வேர்டும் போதும், போனே தேவையில்லை. 2015 ஜனவரியில் வந்த வட்ஸ்அப் வெப் அப்படியில்லை. போனில் நடப்பதைத் திரையில் காட்டும் கண்ணாடி மாதிரிதான் அது இருந்தது. முதலில் குரோமில் மட்டும், ஐபோன்காரர்களுக்கு அதுவும் இல்லை.

போன் இணையத்தில் இல்லாவிட்டால் மேலே ஒரு மஞ்சள் பட்டை வரும், அத்தோடு எல்லாம் நிற்கும். மலையில் இது எவ்வளவு பெரிய தலையிடி என்று கொழும்பில் இருப்பவர்களுக்குச் சொன்னால் புரியாது. மழை பிடித்தால் சிக்னல் போகும், கரண்ட் போகும், போனில் சார்ஜ் இறங்கும். மூன்றில் எது நடந்தாலும் வேலை நின்றுவிடும். 2021-இல் போன் இல்லாமலே இயங்கும் முறையைச் சோதனையாகக் கொண்டுவந்து பிறகு எல்லோருக்கும் விட்டார்கள். இந்தச் சேவையில் நடந்த பெரிய மாற்றம் என்றால் அதுதான். இப்போது ஒரு போனோடு நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். போன் அணைந்து கிடந்தாலும் பிரவுசர் தன்பாட்டுக்கு ஓடும். ஆனால் போனைப் 14 நாட்களுக்கு மேல் தொடாமல் விட்டால் இணைத்ததெல்லாம் கழன்றுவிடும். திருவிழாவுக்குக் கடையைப் பூட்டி, கடைப் போனையும் அணைத்து வைத்துவிட்டுப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

அன்றாடப் பாவனையில் முக்கியமானது படங்களின் தரம். அடையாள அட்டையையோ பிறப்புச் சான்றிதழையோ போட்டோவாக அனுப்பினால் வட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். போன் திரையில் நன்றாகத்தான் தெரியும். ஏ4-இல் பிரிண்ட் எடுத்தால் பதிவு இலக்கம் கலங்கி நிற்கும், முத்திரையில் இருக்கும் எழுத்து வெறும் நீலக் கறையாகிவிடும். கிராம சேவகரிடம் கொண்டுபோனால் அவர் "இது என்ன நம்பர்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார், வாடிக்கையாளர் மறுபடி நோர்வூட்டிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ பஸ் ஏறி வர வேண்டும். அதே படத்தை டொக்கியுமென்ட் என்று தெரிவு செய்து அனுப்பினால் எடுத்தபடியே வரும். கடைச் சுவரில் இதைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். யாரும் படிப்பதில்லை. நானே போனை வாங்கி அனுப்பிக்கொள்கிறேன், அது வேகம்.

அடுத்தது டைப்பிங். நம்மைப் போல பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் விரல் பழகியவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. வேர்டில் பாமினி எழுத்துருவில் அடித்த கடிதத்தை அப்படியே எடுத்து வட்ஸ்அப் வெப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாக உளறும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யுனிகோட் எழுத்து முறைக்கு மாற்றித்தான் ஒட்ட வேண்டும். பாமினி விசை அமைப்பிலேயே யுனிகோட் தரும் விசைப்பலகையைப் போட்டுக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. அப்புறம் பாருங்கள், போனில் பெருவிரலால் தட்டுவதற்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அரசாங்கத்தின் அஸ்வெசும நிவாரண உதவி விண்ணப்பத்துக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரே நாளில் எத்தனையோ பேர் கேட்பார்கள். ஒரு தடவை அடித்து வைத்துக்கொண்டு ஒட்டிக்கொண்டே போகலாம். திரையில் பிடித்த படத்தையும் கண்ட்ரோல்-வி அழுத்தி நேராக அனுப்பலாம். கோப்பை இழுத்துச் சாட்டுக்குள் போட்டாலும் போகும்.

இனி, எல்லோரும் சோம்பல்படும் விஷயம். எங்கள் கடைக்கு வரும் அம்மா ஒருவர், "தம்பி, மகன் ஏதோ பேப்பர் அனுப்பியிருக்கானாம், எடுத்துக் குடு" என்று போனைக் கையில் தந்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். அந்தப் போனைக் கடைக் கொம்பியூட்டரில் இணைத்துவிட்டால் வேலை ஒரு நிமிடத்தில் முடியும். ஆனால் லொக்-அவுட் செய்யாமல் விட்டால் அவர் வீட்டுக் கதை முழுக்க என் திரையில் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும். அதனால் நான் இணைப்பதே இல்லை. என் நம்பருக்கு அனுப்பச் சொல்வேன். பிரிண்ட் எடுத்த கையோடு டவுன்லோட் போல்டரில் விழுந்ததையும் அழித்துவிடுவேன், அடுத்தவர் அடையாள அட்டைப் பிரதி என் மெஷினில் எதற்கு? வேறு கடையில் இணைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் மூடியதும் தடயம் வைக்காத குரோமின் இன்கொக்னிட்டோ ஜன்னலில் திறக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் உங்கள் போனிலேயே 'லிங்க்ட் டிவைசஸ்' பட்டியலைத் திறந்து பார்த்துக் கழற்றுங்கள். அந்தப் பட்டியலில் தெரியாத கருவி ஏதாவது இருந்தால் யோசிக்கவே வேண்டாம், உடனே எடுத்துவிடுங்கள். வெப்பிலேயே பாஸ்வேர்ட் பூட்டும் இருக்கிறது. கடையில் எழுந்து எழுந்து போகிறவர்கள் அதைப் போட்டு வைப்பது நல்லது.

போனை இணைக்க, பிரவுசர் காட்டும் கியூஆர் கோடைப் போன் கெமராவால் பிடிக்க வேண்டும். கெமரா உடைந்த போனால் அது முடியாது. அதற்கு இப்போது மாற்று உண்டு. பிரவுசரில் போன் நம்பரைக் கொடுத்தால் எட்டு எழுத்துக் கோட் ஒன்று வரும், அதைப் போனில் அடித்தால் சரி.

டெலிகிராம் வெப்பையும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். பழைய மெஷினுக்கு அது இன்னும் இலகு. சாட் எல்லாம் அவர்களுடைய சேவரில் இருப்பதால் எங்கே திறந்தாலும் ஆதியிலிருந்து முழுசாக வந்துவிடும். வட்ஸ்அப் வெப்பில் ஓரளவு பின்னுக்குப் போனதும் மிச்சத்தைப் போனில் பார்க்கச் சொல்லும். சாட் சேவரில் இருக்கும் அதே காரணத்தால் டெலிகிராமின் சாதாரண சாட்டில் முழுவழிக் குறியாக்கம், அதாவது அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டுமே படிக்கக்கூடிய பூட்டு, கிடையாது. அது உள்ள சீக்ரெட் சாட்டோ வெப்பில் திறக்காது. சிக்னல் என்ற இன்னொரு மெசஞ்சருக்கு பிரவுசர் பதிப்பே இல்லை. தோட்டத்தில் யார் கையில் டெலிகிராம் இருக்கிறது என்று கேட்டால் ரியூஷன் பிள்ளைகளின் நோட்ஸ் குரூப்பைத் தவிர பெரிதாக ஒன்றுமில்லை, ஆகவே தெரிவுக்கு இடமில்லை.

போனில் தடைபட்டால் பிரவுசரில் வேலை செய்யுமா என்று சிலர் கேட்பார்கள். செய்யாது. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3-ஆம் திகதியும் சமூக ஊடகங்களை அரசாங்கம் தடுத்தபோது வெப்பும் சேர்ந்தே போனது. இணைய இணைப்புத் தரும் நிறுவனங்கள் மட்டத்தில் தடுத்தால் செயலி என்ன, பிரவுசர் என்ன.

விண்டோஸ் 7-க்கு குரோம் 109-ஆவது பதிப்போடு 2023-இல் நின்றுவிட்டது. அதன் பிறகு பயர்பொக்ஸ் 115-இன் நீடித்த ஆதரவுப் பதிப்பில் சமாளித்தேன். திறக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தால் சரியாக இருக்கும். போன வருடம் செகன்ட் ஹேண்ட் மெஷின் ஒன்று வாங்கி விண்டோஸ் 10 போட்டபோது செயலியையும் நிறுவிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் குரோமில் இரண்டு புரொபைல் வைத்து, ஒன்றில் கடை நம்பரும் மற்றதில் சொந்த நம்பருமாகப் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைக்கிற வசதியை விட மனமில்லை. செயலியை எடுத்துவிட்டேன்.