லேப்டாப்போடு இலவசமாக வரும் மைக்ரோசாஃப்ட் ஆபீஸை மறைத்து, காசுக்குத் திருட்டு ஆபீஸ் போடுகிறார்கள் – உஷார்

புது லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். திருச்சியில் என் அக்காவுக்கு நடந்தது. கடைப் பேர் போடவில்லை, விசாரித்த வரைக்கும் அந்த ஒரு கடை மட்டும் செய்கிற வேலையும் இல்லை இது.

அக்கா வீட்டில் டியூஷன் எடுக்கிறார். வினாத்தாள் அடிக்க, மார்க் பட்டியல் போட, ஃபீஸ் கணக்கு வைத்துக்கொள்ள ஒரு லேப்டாப், அவ்வளவுதான் தேவை. விலை பேசி முடித்த பிறகு கடைத் தம்பி, "அக்கா, ஆபீஸ் தனியாப் போடணும், லைஃப்டைம், 2,500 ஆகும், தமிழ் டைப்பிங்கும் சேர்த்துன்னா 3,000" என்றிருக்கிறான். அக்காவும் கொடுத்துவிட்டார். லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி பில் உண்டு, இந்த 3,000-க்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் பேனாவால் 'சாப்ட்வேர்' என்று ஒரே வார்த்தை.

சில மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் வேர்டைத் திறந்தால் மேலே சிவப்புப் பட்டை, 'அன்லைசென்ஸ்ட் புராடக்ட்' என்று. கடைக்குப் போனால் ஓனர் 500 ரூபாய் கேட்டிருக்கிறார். லைஃப்டைம் என்றீர்களே என்று அக்கா கேட்டதற்கு, "சாப்ட்வேர் லைஃப்டைம்தான் மேடம், ஆக்டிவேஷன்தான் அப்பப்போ பண்ணணும்" என்று பதில். இதை ஃபிரேம் போட்டு மாட்டலாம்.

லேப்டாப் என் கைக்கு வந்ததும் வேர்டில் ஃபைல், அக்கவுண்ட் என்று போய்ப் பார்த்தேன். 'ப்ரொஃபஷனல் ப்ளஸ்' என்று இருந்தது. அது நிறுவனங்களுக்கு மொத்த லைசென்ஸாகக் கொடுக்கும் பதிப்பு, கடையில் சில்லறையாக 2,500-க்கு விற்கிற சரக்கு இல்லை. பெரிய கம்பெனிகளில் கேஎம்எஸ் என்று ஒரு சர்வர் வைத்திருப்பார்கள், ஆபீசில் உள்ள கம்ப்யூட்டர்கள் எல்லாம் அதைக் கேட்டு ஆக்டிவேட் ஆகும், ஒரு தடவை ஆனால் 180 நாள் செல்லும், அதற்குள் மறுபடி மறுபடி கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளும். கடைக்காரர்கள் பென் டிரைவில் வைத்திருக்கிற 'ஆக்டிவேட்டர்' அந்த சர்வர் மாதிரி நடிக்கும். ஏதோ ஒரு அப்டேட்டில் அது அழிந்தாலோ நின்றுபோனாலோ 180 நாள் முடிந்ததும் சிவப்புப் பட்டைதான்.

இதுகூடப் பரவாயில்லை என்பேன். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்று ஒரு பட்டியல் உண்டு, வைரஸ் சோதனை எதையெல்லாம் தொடக்கூடாது என்று அதில் சொல்லி வைக்கலாம். ஆக்டிவேட்டரை டிஃபெண்டர் (விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பு) பிடித்துவிடும் என்பதால் கடைக்காரன் அதில் சி டிரைவை முழுசாகச் சேர்த்துவிட்டான். அந்த லேப்டாப்பில் சி டிரைவைத் தவிர வேறு டிரைவே கிடையாது! அதாவது வாங்கிய நாளிலிருந்து எந்த வைரஸ் சோதனையும் இல்லாமல்தான் அக்கா அதில் நெட் பேங்கிங் செய்துகொண்டிருந்தார், கரண்ட் பில் முதல் எல்.ஐ.சி. பிரீமியம் வரை.

எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது இதற்கு அடுத்த விஷயத்தில். பரண் மேல் இருந்த லேப்டாப் அட்டைப்பெட்டியை எடுத்துப் பார்த்தால் பக்கவாட்டு ஸ்டிக்கரில் 'ஆபீஸ் ஹோம் அண்ட் ஸ்டூடண்ட் 2021' என்று அச்சடித்திருக்கிறது. வேர்ட், எக்செல், பவர்பாயிண்ட் மூன்றும் லேப்டாப் விலையிலேயே அடக்கம், காலாவதி கிடையாது. செய்ய வேண்டியதெல்லாம் நம் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் உள்ளே போய் அதை ஒரு தடவை ஆக்டிவேட் செய்வது. ஆனால் விண்டோஸ் ஆக்டிவேட் ஆனதிலிருந்து 180 நாளுக்குள் செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சலுகை போய்விடும். போய்விட்டது. காசு கொடுத்து வாங்கிய அசல் பெட்டியிலேயே செத்துப்போக, அதன் இடத்தில் திருட்டுப் பதிப்பை 2,500-க்கு விற்றிருக்கிறார்கள்.

தமிழ் டைப்பிங் 500 இன்னொரு கூத்து. போட்டுக் கொடுத்தது பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டும் பழைய முறை. அதில் அடித்த வினாத்தாளை வாட்ஸ்அப்பில் வேர்ட் ஃபைலாக அனுப்பினால் பெற்றோர் ஃபோனில் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று தெரிகின்றன. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் யூனிகோட் (எந்த ஃபோனிலும் தமிழாகவே தெரியும் பொது முறை) தமிழ் விசைப்பலகை கூடவே வருகிறது, தமிழ் 99 முறையும் உண்டு, ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறையும் உண்டு. பழக்கப்பட்டவர்களுக்கு என்ஹெச்எம் ரைட்டர், இ-கலப்பை எல்லாம் வெகு காலமாக இலவசம். இதற்குப் போய்க் காசு!

எல்லாவற்றையும் அழித்து விண்டோஸ் புதிதாகப் போட்டு லிப்ரே ஆபீஸ் ஏற்றிக் கொடுத்தேன். இலவசம், 2010-இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்தது, வேர்ட், எக்செல் ஃபைல்களைத் திறக்கும். பழைய வினாத்தாள்களில் சில அட்டவணைகள் கொஞ்சம் நகர்ந்து தெரிந்தன, மற்றபடி அக்கா வேலைக்கு அது தாராளம். சேமிக்கும்போது அதன் சொந்த வடிவமான .odt என்று தானாகப் போகும், டூல்ஸ், ஆப்ஷன்ஸில் வேர்டின் வடிவமான .docx என்று ஒரு தடவை மாற்றிவிட்டால் தொல்லை இல்லை. மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்ய உள்ளே எழுதி வைத்த கட்டளைகள்) நிறைந்த எக்செல் ஃபைல் வரும் வேலை என்றால் மட்டும் மைக்ரோசாஃப்ட் ஆபீஸையே பில்லோடு வாங்குங்கள்.

கடைக்காரர் பணம் தரவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லியிருக்கிறோம், கையில் துண்டுச் சீட்டு மட்டும் இருப்பதால் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க வேண்டும்.

கடையில் சாப்ட்வேருக்குக் காசு கேட்டால் முதலில் பெட்டி ஸ்டிக்கரைப் படியுங்கள், அப்புறம் சாப்ட்வேர் பேரோடு ஜிஎஸ்டி பில் கேளுங்கள், இரண்டாவதற்கே பேச்சு மாறிவிடும். ஏற்கெனவே இப்படிப் போட்டு வாங்கியவர்கள் இன்றைக்கே அந்த எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலைத் திறந்து பாருங்கள். சி டிரைவ் அதில் இருந்தால் அந்தக் கம்ப்யூட்டரில் எதையும் தொடாமல், வேறு ஃபோனிலிருந்து முதலில் பேங்க் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு அப்புறம் ஆபீஸ் கதையைப் பாருங்கள்.