பேட் மாற்றியதாகப் பில் போட்டுவிட்டு, தகட்டை மட்டும் வளைத்து அனுப்பினார்கள்

கோவையில் ஏழு ஆண்டுகளாக நான் ஓட்டிவரும் சிறிய காரில், பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் முன்பக்க இடது சக்கரத்திலிருந்து கீச்சென்று சத்தம் வரத் தொடங்கியது. வீட்டுக்குப் பக்கத்திலுள்ள ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டேன். சக்கரத்தோடு சுழலும் இரும்பு வட்டுகளான டிஸ்க்குகள் இரண்டு, அவற்றை அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்தும் முன்பக்க பேட்டுகள், கூலி எல்லாம் சேர்த்து 8,700 ரூபாய் வாங்கினார்கள். பழைய பாகங்களைக் கேட்டதற்கு, இரும்புக்கடைக்குப் போட்டாயிற்று என்றார்கள். சத்தம் நின்றிருந்ததால் நம்பி வந்துவிட்டேன்.

மூன்றே வாரத்தில் அதே சக்கரத்தில் இரும்போடு இரும்பு உரசும் கரகரப்பு கேட்டது. மறுநாள் காலை, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன்.

பேட்டின் உராயும் பகுதி புதிதில் ஏறத்தாழ 10 மி.மீ. கனம் இருக்கும். அது இரண்டு மூன்று மி.மீ. அளவுக்குத் தேய்ந்ததும், பேட்டோடு சேர்ந்திருக்கும் சிறு இரும்புத் தகடு டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். பேட்டை மாற்றச் சொல்லும் எச்சரிக்கை அதுதான். என் காரின் உட்புறப் பேட்டில் அந்தத் தகட்டைக் குறடால் பிடித்து வெளிப்பக்கமாக வளைத்திருந்தார்கள். குறடின் பல் பதிந்த தடம் துருவுக்கு நடுவே பளபளத்தது. டிஸ்க்கின் விளிம்பிலோ நகம் தட்டும் அளவுக்கு மேடு கட்டியிருந்தது; பல ஆண்டுத் தேய்மானத்தில் மட்டுமே உருவாகும் அந்த மேடு, மூன்று வாரமே ஆன டிஸ்க்கில் இருக்க வாய்ப்பே இல்லை. அன்று மாற்றாமலே காசு வாங்கிய டிஸ்க், இப்போது வெறும் இரும்பு உரசி வரிவரியாகக் கீறிப் போய், உண்மையாகவே மாற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிட்டது. இந்த வண்டியில்தான் தினமும் என் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள் என்பதால், இதை வெறும் பண மோசடியாக என்னால் பார்க்க முடியவில்லை.

வெளிப்புறப் பேட்டில் 4 மி.மீ. மிச்சமிருக்க, உட்புறப் பேட் மட்டும் முழுக்கத் தேய்ந்திருந்ததற்குக் காரணம், பேட்டுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகர உதவும் உலோகப் பின்கள் கிரீஸ் வற்றி இறுகிப்போனதே. பின்களைத் துடைத்து, வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸ் தடவி, முன்பக்க இரு சக்கரங்களுக்கும் புதிய டிஸ்க்கும் பேட்டும் போட்டேன். கிரீஸ் பேட்டின் உராயும் முகத்தில் துளிகூடப் படக்கூடாது. காலிப்பரை அதன் பிரேக் ஆயில் குழாயான ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைக்க வேண்டும். வேலை முடிந்ததும், வண்டியை நகர்த்துவதற்கு முன்பே, மிதி கெட்டியாகும்வரை பிரேக்கைப் பலமுறை மிதிக்க வேண்டும். மழைக்குப் பிறகு முதல் சில மிதிகளில் மட்டும் கேட்டு அடங்கும் சத்தம் மேல்துருவால் வருவது, அதற்குச் செலவு தேவையில்லை.

பிரேக் வேலைக்கு வண்டி விடுபவர்கள், பழைய பாகங்கள் கைக்கு வந்த பிறகே பணம் கொடுங்கள். வளைந்த தகட்டின் படங்களோடும் பில்லோடும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். கழற்றிய பேட்டுகளையும் டிஸ்க்குகளையும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.