நின்ற பென்ஸும் ஓடிய பென்ஸும்: சென்னை நிலவரம்

"ஃபுல் இம்போர்ட்டட், சிங்கிள் ஓனர், ஷோரூம் கண்டிஷன்." டிசம்பர் லீவுக்கு வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர் கண்ணில் இப்படி ஒரு விளம்பரம் எப்படியும் பட்டுவிடும். பெரும்பாலும் அது தொண்ணூறுகளின் பென்ஸ் எஸ்-கிளாஸ், அதாவது 1991 முதல் 1998 வரை வந்த டபிள்யூ 140. எஸ் 320 என்றால் 3.2 லிட்டர் ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். விலை, அங்கே நீங்கள் ஓட்டும் சாதாரணக் காரைவிடக் குறைவாகத் தெரியும். மூன்று வாரத்தில் வாங்கி, பெயர் மாற்றி, பட்டறை பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா? முடியும், எதை முதலில் செய்வது என்று தெரிந்திருந்தால்.

முதலில் காகிதம். அதை விமானம் ஏறும் முன்பே முடித்துவிடலாம். ஆர்.சி., இன்சூரன்ஸ், பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதியின்போது சுங்கத்தில் கொடுத்த ஆவணம்), சேஸ் நம்பர் தெரியும் போட்டோ, நான்கையும் விற்பவரிடம் கேளுங்கள். ஜெர்மனியில் செய்த எஸ் 320-இன் சேஸ் நம்பர் டபிள்யூ.டி.பி. 140 என்று தொடங்கும். 1995 முதல் பென்ஸ் புனேயிலேயே இ-கிளாஸ் டபிள்யூ 124-ஐ அசெம்பிள் செய்து விற்றது. அதையும் "இம்போர்ட்டட்" என்று சொல்லி விற்கும் புரோக்கர்கள் உண்டு. ஆர்.சி.யில் வண்டி எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பது வெறும் பெருமை விஷயம் அல்ல. 15 வருடம் முடிந்த கார் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த கட்டண மாற்றத்துக்குப் பிறகு, 20 வருடம் தாண்டிய உள்ளூர்க் காருக்கு 10,000 ரூபாய், இறக்குமதிக் காருக்கு 80,000 ரூபாய். புதுப்பிக்க இன்னும் நான்கு மாதமே இருக்கும் வண்டியை "அருமையான விலை" என்று ஏன் தள்ளுகிறார்கள் என்பது இப்போது புரியும். அந்த 80,000-ஐ விலையில் கழித்துத்தான் பேச வேண்டும்.

பில் ஆஃப் என்ட்ரி நகல் இல்லாத வண்டியை எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். சுங்கத் தீர்வை ஏய்ப்பு சந்தேகத்தில் 2013 மார்ச்சில் சி.பி.ஐ. சென்னையில் இறக்குமதிக் கார்களைத் தேடியது. 2025 செப்டம்பரில் கேரளாவில், பூட்டான் வழியாக வந்ததாகச் சொல்லப்பட்ட கார்களைச் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. வண்டி கடைசியாக யார் கையில் இருக்கிறதோ அவர்தான் கோர்ட் வாசலில் நிற்பார். வெளிமாநிலப் பதிவு என்றால் ஃபார்ம் 28-இல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), இங்கே சாலை வரி, மறுபதிவு என்று வேலை நீளும். லீவில் வருகிறவர் டி.என். பதிவு வண்டியோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30, உள்ளூர் முகவரிச் சான்று, பான் வேண்டும். நிலுவையில் இ-சலான் இருந்தால் விண்ணப்பம் நகராது. அதை வாங்குவதற்கு முன் ஆன்லைனில் பார்த்துக்கொள்ளலாம். ஓ.டி.பி. இந்திய மொபைல் எண்ணுக்குத்தான் வரும், அந்த சிம் உயிரோடு இருக்கட்டும். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டப்படி தடை.

இனி வண்டி. காலையில் போங்கள், இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போய்ச் சேரும்போது பானெட் சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின் ஒரு சுற்றில் பிடித்து, சீராக நிற்க வேண்டும். ஐடிலிங் தள்ளாடினால் இந்த மாடலில் முதல் சந்தேகம் இன்ஜின் வயரிங் மேல்தான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை பென்ஸ் பயன்படுத்திய வயர் உறை, காலப்போக்கில் சூட்டில் தானே உதிரும் வகை. ஸ்பார்க் பிளக் மேலிருக்கும் கவரைக் கழற்றி, காயில் அருகே வயரை மெல்ல வளைத்துப் பாருங்கள். பிஸ்கட் மாதிரி நொறுங்கினால் உள்ளே செம்பு தெரியும். இரண்டு வயர் உரசினால் இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இ.சி.யு. போகும், அது வயரிங்கைவிடப் பல மடங்கு செலவு. இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் ஆக்சுவேட்டரின் வயரும் அதே ரகம், அதைப் பலரும் மறந்துவிடுவார்கள். மாற்றியாயிற்று என்று சொன்னால் பில்லைக் கேளுங்கள். மேலே டேப் சுற்றியிருப்பது மாற்றியது ஆகாது.

இன்ஜினின் பின்மூலையில் ஹெட் கேஸ்கட் வழியாக ஆயில் கசிவது இந்த இன்ஜினின் பழைய வியாதி. லேசான ஈரம் என்றால் பேரம் பேசலாம். கூலன்ட் டேங்க்கில் ஆயில் மிதந்தால் கிளம்பிவிடுங்கள். சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்டில் சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 1.5 பாரைத் தாண்டக் கூடாது.

பிறகு அண்ணா சாலை நெரிசலில் ஏ.சி. போட்டு ஓட்டிப் பாருங்கள். ஈ.சி.ஆரில் நூறில் பறந்து காட்டுவதால் ஒன்றும் தெரியாது. காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். சிக்னலில் நிற்கும்போது ஊசி நூறைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் விஸ்கஸ் ஃபேன், துணை ஃபேன் அல்லது அடைத்த ரேடியேட்டர். நம் ஊரில் கடைசிக் காரணம் அதிகம். கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றினால் ஹெட்டிலும் ரேடியேட்டரிலும் உப்பும் துருவும் படியும். காற்று குளிரவில்லை, கேஸ் மட்டும் அடிக்கடி போடுகிறார்கள் என்றால் டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டரில் கசிவாக இருக்கலாம். அதை மாற்ற டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். கூலி வேலை பல நாள், பிளாஸ்டிக் கிளிப்புகள் உடைவது தனி.

பளபளப்பை நம்பாமல் பெயிண்ட் மீட்டர் வையுங்கள். 100 முதல் 150 மைக்ரான் என்றால் கம்பெனி பெயிண்ட். ஆயிரம் காட்டினால் கீழே பட்டி. கடலோர வீட்டு வண்டி என்றால் ஜாக் வைக்கும் இடம், டிக்கியில் ஸ்டெப்னிக் குழி, கதவின் அடிவிளிம்பு மூன்றிலும் துரு பாருங்கள். 2015, 2023 டிசம்பர் வெள்ளம் புகுந்த பகுதி என்றால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். கடைசி அடியில் சேறு கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. கார்ப்பெட் கழுவிவிடலாம், பெல்ட்டின் அடி யாரும் கழுவுவதில்லை. இந்த மாடலின் ஜன்னல் இரட்டைக் கண்ணாடி. நடுவில் பனி படர்ந்தால் துடைக்க வழியில்லை, கண்ணாடியையே மாற்ற வேண்டும்.

நாலு வருடம் ஷெட்டில் கவர் போட்டு நின்று 40,000 கிலோமீட்டர் காட்டும் வண்டியைவிட, வாரா வாரம் ஓடி இரண்டு லட்சம் தாண்டிய வண்டி நல்லது. நின்ற வண்டியில் ரப்பர் சீல், ஹோஸ், புஷ் எல்லாம் காய்ந்துபோகும். பிரேக் கேலிப்பர் பிடித்துக்கொள்ளும். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கம் செய்த வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். குறைந்த கிலோமீட்டர், பத்து வயது டயர் என்றால் நின்ற வண்டிதான்.

பட்டறை பற்றி. இந்த வண்டியில் ஸ்கேனர் மாட்டும் இடம் 38 முள் கொண்ட வட்டக் கனெக்டர், இப்போதைய கார்களுக்கான சாதாரண ஓ.பி.டி. ஸ்கேனர் சேராது. "எல்லாம் ஸ்கேன் பண்ணிட்டோம் சார்" என்று சொல்லும் கடையில் அந்த கேபிளைக் காட்டச் சொல்லுங்கள். பழைய பென்ஸை மட்டும் பார்க்கும் தனி மெக்கானிக்குகள் நகரில் இருக்கிறார்கள். லீவு சீசனில் அவர்களுக்கு வரிசை நிற்கும், வருவதற்கு முன்பே தேதி வாங்கிவிடுங்கள். பெல்ட், ஃபில்டர், பேரிங், பிரேக் பேட் எல்லாம் உதிரிபாகக் கடைகள் உள்ள ஜி.பி. ரோட்டில் கேட்டால் கிடைத்துவிடும், இல்லாவிட்டால் வரவழைப்பார்கள். பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் கதவுக் கைப்பிடி, சுவிட்ச், மரப் பலகை மாதிரி உள்ளலங்காரச் சாமான் வாங்கலாம். சென்சார், ரிலே, ஃப்யூயல் பம்ப் அங்கே வாங்குவது சூதாட்டம். வயரிங் செட்டைப் பார்ட் நம்பர் கொடுத்து வெளியிலிருந்து வாங்கி, பில்லோடு கொண்டுவருவதே சரி. தீர்வை கேட்டால் கட்டிவிடுங்கள்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். முப்பது வருடப் பழைய ஃப்யூயல் ஹோஸ் அதைத் தாங்காது. வாங்கியதும் டேங்க்கிலிருந்து இன்ஜின் வரை எத்தனாலுக்கு ஏற்ற ஹோஸாக மாற்றச் சொல்லுங்கள். நீங்கள் திரும்பிப் போன பின் வண்டி நிற்கும் என்றால் பெட்ரோலை மாதக்கணக்கில் விட்டுவைக்க வேண்டாம். எத்தனால் ஈரத்தை இழுக்கும். வாரம் ஒருமுறை ஏ.சி. போட்டு இருபது கிலோமீட்டர் ஓட்ட ஒரு டிரைவரையோ தம்பியையோ ஏற்பாடு செய்யுங்கள். ஷெட்டிலேயே பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதற்கு, ஸ்டார்ட் செய்யாமலே விடலாம்.